சிப்பி சொல்லும் சாட்சி



ஒரு நிகழ்ச்சியைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டுமானால், அது நடந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும். கடல்நீரில் கலக்கும் நஞ்சைப் பற்றிச் சாட்சி சொல்ல அத்தகைய தகுதி வாய்ந்த உயிர் சிப்பியாகும். மீன் இன்று இங்கிருக்கும். நாளை வேறிடம் சென்றுவிடும். சிப்பியோ பாறையில் ஒட்டியபின் இடம் பெயர்வதில்லை. அது நாள்தோறும் பல லிட்டர் நீரை உள்ளிழுத்து, செவுள்களால் வடித்து, நுண்ணிய பாசிகளை உண்டு, எஞ்சிய நீரை வெளியே விடுகிறது. எளிதில் சிதையாத இரசாயனப் பொருள் அந்நீரில் இருப்பின், அதில் ஒரு பகுதி சிப்பியின் உடலிலே தங்கிவிடும். வெளியேறுவதைவிட விரைவாக உள்ளே சேருமானால், நீரில் உள்ள அளவைப்போல் பல ஆயிரம் மடங்கு அங்கே திரண்டுவிடும். கொதிக்கும் நீரில் மடியும் கிருமியன்று இது, சமைத்தாலும் அழியாது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். கப்பல்களின் அடிப்புறத்தில் பாசியும் சிற்றுயிர்களும் படர்ந்தால் வேகம் குறையும். அதனைத் தடுக்க, டிரைபியூட்டைல்டின் என்னும் வெள்ளீயக் கூட்டுப்பொருள் கலந்த வண்ணப்பூச்சு 1960-களில் வழக்கிற்கு வந்தது. பூச்சிலிருந்து அந்நஞ்சு சிறிது சிறிதாக நீரில் கசியும். ஒட்டவரும் உயிர்கள் மடியும். கப்பலோட்டிகள் மகிழ்ந்தனர்.

பிரான்சு நாட்டின் மேற்குக் கரையில் ஆர்க்காஷோன் என்னும் விரிகுடா உள்ளது. சிப்பி வளர்ப்பே அங்கு பல குடும்பங்களின் பிழைப்பு. 1970-களின் பிற்பகுதியில் அங்கே இளஞ்சிப்பிகள் ஆண்டுதோறும் உருவாகாமற் போயின. வளர்ந்த சிப்பிகளின் ஓடுகளோ அடுக்கடுக்காகத் தடித்து உருக்குலைந்தன, விற்பனைக்கு உதவவில்லை. வளர்ப்போர் கலங்கினர். ஆராய்ந்தபோது, விரிகுடாவில் நிறுத்தப்பட்ட உல்லாசப் படகுகளின் பூச்சே காரணம் என்பது புலனாயிற்று. ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்குகளே இருந்தாலும் இந்நஞ்சு தீங்கு செய்யும். இங்கிலாந்தின் கரையிலோ, பெண் கடல்நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்து, அவை முட்டையிட இயலாமற் போவதற்கும் இதுவே காரணம் என்று 1980-களில் கண்டனர்.

1982-இல் பிரான்சு அரசு, 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் இப்பூச்சைத் தடை செய்தது. விரைவில் விரிகுடாவில் இளஞ்சிப்பிகள் மீண்டும் தோன்றின. பெரிய கப்பல்களுக்கும் தடை விதிக்கும் சர்வதேச உடன்படிக்கை 2001-இல் உருவாகி, 2008-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு விரிகுடா கற்ற பாடத்தை உலகம் ஏற்க ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆயிற்று! நீரிலுள்ள நஞ்சு சில வாரங்களில் சிதையலாம். காற்றோட்டமற்ற துறைமுகச் சேற்றில் படிந்ததோ பல்லாண்டு நிலைக்கும். சேற்றைத் தோண்டினால் மீண்டும் எழும்.

டி.டி.டி., பி.சி.பி. போன்ற பிற நிலைநஞ்சுகளையும் சிப்பிகள் இவ்வாறே உடலில் சேர்க்கின்றன. எனவேதான் 1975-இல் எட்வர்டு கோல்ட்பர்க் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, உலகின் கடற்கரைகளில் சிப்பியினங்களைச் சோதித்து மாசினை அளக்கலாம் என்று முன்மொழிந்தார். அவரது நாட்டில் 1986 முதல் அத்தகைய சோதனை முறையாக நடைபெறலாயிற்று.

கண்ணுக்குத் தெரியாத அளவு என்பதால் ஒரு பொருளைத் தீங்கற்றதென்று எண்ணிவிடாதீர்கள். சிப்பிக்கு வாய்ச்சொல் இல்லை. தன் ஓட்டிலும் உடலிலும் அது சாட்சியை எழுதிவைக்கிறது. அதனைக் காலத்தில் படித்தறிவது நம் கடமையன்றோ?