மருத்துவரிடமிருந்து மீள்வது

நியூயார்க் அருகே கடலோரம் உள்ள சவுத்தாம்ப்டனில் ஒரு கோடை விடுமுறை வீடு. விருந்துக்கு வந்தவர்களை முன்னால் நின்று வரவேற்றவர் மனநல மருத்துவர் ஐசக் ஹெர்ஷ்காஃப். தோட்ட வேலையும் எடுபிடி வேலையும் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றவரை, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆள் என்றே பலரும் நினைத்தார்கள். வீட்டின் உரிமையாளரே அவர்தான். பெயர் மார்ட்டி மார்க்கோவிட்ஸ், துணி வியாபாரி. அந்த மருத்துவரின் நோயாளி. பக்கத்து வீட்டில் குடியிருந்த பத்திரிகையாளர் ஜோ நோசெராவுக்கே வெகுநாள் வரை இது தெரியாது. 2019-இல் அவர்தான் இந்தக் கதையை ஒலித்தொடராக வெளிக்கொண்டுவந்தார்.

மார்க்கோவிட்ஸ் 1981-இல் சிகிச்சைக்குப் போனார். பெற்றோர் இறந்துவிட்டார்கள், குடும்பத் தொழில் அவர் தலையில் விழுந்திருந்தது, உறவினரோடு வழக்கு வேறு. தொடக்கத்தில் சிகிச்சை பலன் தந்தது, மனம் தெளிந்தது. பிறகு மருத்துவரின் பேச்சைக் கேட்டுச் சொந்தச் சகோதரியோடு உறவை முறித்துக்கொண்டார். மருத்துவர் அவருடைய தொழிலுக்குள் நுழைந்தார், வீட்டுக்குள் நுழைந்தார், உயில் வரைக்கும் வந்துவிட்டார். இப்படியே கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள்.

கதையைக் கேட்டதும், "படித்த மனுஷன், இவ்வளவு ஏமாளியா?" என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி தப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன். மனநல சிகிச்சை வேலை செய்வதே நம்பிக்கையால்தான். யாரிடமும் சொல்லாததை அங்கே சொல்கிறோம். அப்பாவிடம் கிடைக்காத அங்கீகாரத்தையும் அம்மாவிடம் எதிர்பார்த்த ஆறுதலையும் எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் நம்மையறியாமல் தேடுகிறோம். இதைத்தான் ஃபிராய்ட் டிரான்ஸ்ஃபரன்ஸ் என்றார். நோயாளியிடம் எழும் இந்தப் பற்று சிகிச்சைச் சூழல் உண்டாக்கியது, தன் வசீகரத்தால் வந்ததென்று மருத்துவர் எண்ணிவிடக் கூடாது என 1915-லேயே எழுதி எச்சரித்தார். நேர்மையான மருத்துவர் அந்தப் பற்றை நோயாளி தன்னையே புரிந்துகொள்ளப் பயன்படுத்துவார். மற்றவர் அதைத் தன் வசதிக்குப் பயன்படுத்துவார். அறைக்குள் மூன்றாவது ஆள் கிடையாது. எதிர்த்துக் கேட்டால் அந்த எதிர்ப்பையே நோயின் அறிகுறி என்று சொல்லிவிட முடியும்.

பாராட்டும் அவமதிப்பும் மாறி மாறி வருவது இன்னொரு கட்டு. டொனால்ட் டட்டன், சூசன் பெயின்டர் என்ற ஆய்வாளர்கள், கொடுமைக்கார இணையரைவிட்டு வெளியேறிய 75 பெண்களை ஆராய்ந்து 1993-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பிரிந்து ஆறு மாதம் ஆன பின்னும் இணையர் மீதிருந்த பற்றில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மட்டுமே குறைந்திருந்தது. ஏற்றத்தாழ்வான அதிகாரமும், எப்போது அன்பு எப்போது அடி என்று தெரியாத நிலையும்தான் பற்றை இறுக்கியவை. அது தாம்பத்தியத்தைப் பற்றிய ஆய்வு. ஆனால் அந்த இரண்டுமே சிகிச்சை அறையிலும் இருக்கக்கூடியவை.

அதனால்தான், தப்பி வந்தவர் அந்த மருத்துவரை நினைத்து ஏங்குகிறார். சாலையில் அவர் சாயலில் யாராவது போனால் நெஞ்சு படபடக்கிறது, கூடவே ஓடிப்போய்ப் பேசவும் தோன்றுகிறது. இந்த ஏக்கத்தை வெளியில் சொல்ல வெட்கப்பட்டே பலர் வாய் திறப்பதில்லை. கோபமும் ஏக்கமும் சேர்ந்தே இருக்கும், காலம் எடுக்கும் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதுவே பெரிய ஆறுதல்.

மார்க்கோவிட்ஸுக்கு 2010-இல் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் புறக்கணிப்பில்தான் கண் திறந்தது. விலகினார், சகோதரியோடு மறுபடி பேசினார். என்னைக் கேட்டால் அவருடைய சிகிச்சை அங்கேதான் தொடங்கியது. துண்டிக்கப்பட்ட உறவைத் திரும்பப் பிடிப்பது, தன் தீர்ப்பைத் தானே நம்பிப் பார்ப்பதன் முதல் படி. சுகாதாரத் துறையில் அவர் கொடுத்த புகாரோ பல ஆண்டுகள் அசையவில்லை. 2021-இல்தான் நியூயார்க் மாநிலம் ஹெர்ஷ்காஃபின் மருத்துவ உரிமத்தைப் பறித்தது. உரிமம் போகும்வரை காத்திருந்துதான் குணமாக வேண்டும் என்றால் யாராலும் முடியாது.

இன்னொரு மருத்துவரிடம் போக வேண்டுமா? உடனே போக வேண்டிய கட்டாயம் இல்லை. போகிறவர் முதல் நாளே கேட்கலாம்: உங்கள் பதிவு எண் என்ன, என்ன குறிப்பெடுக்கிறீர்கள், நான் நிறுத்த நினைத்தால் என்ன செய்வீர்கள்? நேராகப் பதில் வந்தால் அடுத்த வாரமும் போகலாம். "உங்களுக்கு ஏன் இவ்வளவு சந்தேகம்?" என்று கேள்வி திரும்பி வந்தால், எழுந்து வந்துவிடலாம்.