கட்டிய பணம் யார் கணக்கில்?

மின்கட்டணம் செலுத்த முற்பகல் வெயிலில் வரிசையில் நின்ற காலத்தை நம் தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளை அட்டையைக் கம்பி வலைக்குள் நீட்டினால், உள்ளே இருப்பவர் எண்ணைப் பார்ப்பார், பெயரைப் பார்ப்பார், சில்லறை கேட்டுக் கடிந்து கொள்வார், பிறகு முத்திரை குத்தித் தருவார். அங்கே ஒரு பிழை நேர்ந்தால், "ஐயா, இது எங்கள் அட்டை இல்லையே!" என்று அந்த நிமிடமே சொல்லித் திருத்திக் கொள்ளலாம். 2016இல் யூபிஐ வந்தபின் அந்த வரிசை பெரிதும் கரைந்துவிட்டது. இன்று கைபேசியில் அரை நிமிடத்தில் கட்டணம் செலுத்தி முடிகிறது. வசதிதான், மறுப்பாரில்லை. அந்த அரை நிமிடத்தில் நேரும் தவறைத் திருத்த எத்தனை நாள் ஆகும் என்பதை மட்டும் எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடியில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மகன் வளைகுடா நாட்டில் இருக்கிறார். இரண்டு மாதத்திற்கொரு முறை வரும் மின்கட்டணத்தை அவரே அங்கிருந்து செலுத்துகிறார். தாயார் தொலைபேசியில் எண்ணைப் படிக்கிறார். மகன் கேட்டு அழுத்துகிறார். ஓர் இலக்கம் இடம் மாறுகிறது. என்ன ஆகும்?

தமிழகத்தின் மின் இணைப்பு எண் ஒரு முகவரியைப் போன்றது. முதல் இரண்டு இலக்கங்கள் மண்டலத்தைக் குறிப்பவை. திருச்சி மண்டலத்திற்கு 06. அடுத்த மூன்று, பிரிவு அலுவலகம். அதற்கடுத்த மூன்று, பகிர்மானம். எஞ்சி நிற்பதே வீட்டின் இணைப்பு. கடைசி இலக்கம் பிசகினால் பணம் பக்கத்துத் தெருவுக்குப் போகலாம். நடுவே பிசகினாலோ, முகமறியாத ஏதோ ஓர் ஊரின் கணக்கில் போய் அமர்ந்துவிடும்.

பணம் செலுத்துமுன் செயலி நுகர்வோரின் பெயரைக் காட்டத்தானே செய்கிறது என்பீர்கள். காட்டுகிறது. ஆனால், பல வீடுகளில் இணைப்பு இன்னும் மறைந்த பாட்டனார் பெயரிலேயே அல்லவா இருக்கிறது! அதுவும் ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு விதமாக எழுதப்பட்டிருக்கும். தெருவுக்கு நான்கு அப்துல் காதர்கள் இருக்கும் ஊரில், பெயரைப் பார்த்ததும் ஐயம் எழுவது எங்ஙனம்?

அதன் பிறகுதான் அலைச்சல் தொடங்குகிறது. வங்கியைக் கேட்டால், "பணம் மின் கழகத்திற்குச் சேர்ந்துவிட்டது, எங்கள் பக்கம் குறையில்லை" என்கிறது. செயலியைக் கேட்டால், பச்சை நிறத்தில் 'வெற்றி' என்று காட்டுகிறது. பிரிவு அலுவலகமோ, "அந்த எண் எங்கள் எல்லையில் இல்லை, உரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்" என்கிறது. ஒவ்வொருவர் சொல்வதும் அவரவர் கணக்குப்படி சரியே! இதில்தான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஓர் ஏற்பாடு செய்தது. கணக்கில் கழிந்த பணம் உரிய இடம் சேராவிட்டால், குறித்த நாளுக்குள் அதைத் திருப்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும். ஆனால் அது தோற்றுப்போன பரிவர்த்தனைக்கு மட்டுமே. இங்கோ பரிவர்த்தனை வெற்றி பெற்றுவிட்டது, தவறான வீட்டிற்கு!

வங்கியே பிழை செய்தால் கதை வேறு. 2023 நவம்பரில் யூகோ வங்கி, தொழில்நுட்பக் கோளாறால் ஏறத்தாழ 820 கோடி ரூபாயைப் பிறர் கணக்குகளில் வரவு வைத்துவிட்டது. உடனே அக்கணக்குகள் முடக்கப்பட்டன. சில நாட்களிலேயே 649 கோடி, அதாவது நூற்றுக்கு 79 பங்கு, மீட்கப்பட்டது. சாமானியர் செலுத்திய எண்ணூறு ரூபாய்க்கு அப்படியொரு பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. பெரிய வங்கிகளும் தப்புவதில்லை என்பது வேறு செய்தி. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் சிட்டி வங்கி, 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டிய இடத்தில் சுமார் 90 கோடி டாலரை அனுப்பியது. மூவர் பார்த்து ஒப்புதல் தந்த பின்பு நேர்ந்த பிழை அது! வாங்கியவர்களில் சிலர் திருப்பித்தர மறுத்தனர். வழக்கில் முதலில் தோற்ற வங்கி, 2022 செப்டம்பரில்தான் மேல்முறையீட்டில் வென்றது.

நம் நாட்டுச் சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித்தர வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 72ஆம் பிரிவில், தெளிவாகவே கூறுகிறது. மார்க்கம் அறிந்தவருக்கு இதைச் சட்டம் சொல்ல வேண்டியதில்லை. பிறர் பொருள் கைக்கு வந்தால் அது அமானிதம். தாம் கட்டாமலே தம் கட்டணம் தீர்ந்திருக்கக் கண்டவர், 'யாரோ கட்டிவிட்டார்கள்' என்று மகிழ்ந்து இருந்துவிடலாகாது. பிரிவு அலுவலகத்தில் ஒரு சொல் சொன்னால், எங்கோ ஒரு வீட்டின் அலைச்சல் பாதியாகக் குறையும்.

பிழை நேர்ந்துவிட்டால் முதலில் செய்ய வேண்டியது, கெடு முடியுமுன் சொந்தக் கட்டணத்தைத் தனியே செலுத்திவிடுவது. இரண்டாம் முறை கட்டுவது மனத்திற்குக் கசக்கும். ஆயினும் வழக்கு நடக்கும்போது வீடு இருளில் கிடக்க வேண்டுமா? நிலுவைக்காக இணைப்பைத் துண்டிக்குமுன் எழுத்து மூலம் 15 நாள் அறிவிப்புத் தர வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் சொல்கிறது. ஆனால் அதை நம்பி நாள் கடத்துவதில் பயனில்லை. அடுத்து, பரிவர்த்தனை எண், தேதி, செலுத்திய தவறான எண், செலுத்தியிருக்க வேண்டிய எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, ரசீதின் நகலுடன் இரு பிரிவு அலுவலகங்களிலும் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். வாய்மொழியாகச் சொன்னது காற்றோடு போகும். சொந்த எண்ணுக்கே இருமுறை கட்டியவர்கள் அஞ்ச வேண்டாம். அது அடுத்த கட்டணத்தில் கழிந்துவிடும்.

2021இல் தொடங்கிய மின்னகம் சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைத்துப் புகார் எண் பெறலாம். அங்கும் தீராவிட்டால், அதே மின்சாரச் சட்டத்தின்படி அமைந்த நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதற்கும் மேலே மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். மன்றத்திற்கு எழுதும்போது, இணைப்பு பாட்டனார் பெயரில் இருந்தால் மனுதாரர் யார் என்ற கேள்விதான் முதலில் வரும். பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பிக்கும் வேலையை அதற்கு முன்பே முடித்து வைப்பது நல்லது.