கடலில் நீந்துபவரும் படகில் இருப்பவரும்

இலங்கையின் தலைமன்னாருக்கும் இந்தியாவின் தனுஷ்கோடிக்கும் நடுவே பாக் நீரிணை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அது நேர்கோட்டில் அளந்த தூரம். நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளினால் நீந்த வேண்டிய தூரம் கூடும். தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954இல் வல்வெட்டித்துறையில் இறங்கிக் கோடியக்கரையில் ஏறினார். 27 மணி நேரம் பிடித்தது. இந்திய நீச்சல்காரர் மிகிர் சென் 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடங்களில் வந்தார். வல்வெட்டித்துறைக்காரரான வி. எஸ். குமார் ஆனந்தன் 1971இல் போகவும் வரவுமாக நீரிணையை 51 மணி நேரத்தில் கடந்தார். அதே ஆனந்தன் 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார். சாதனைப் பட்டியல்கள் இந்தக் கடைசித் தகவலை அரைவரியில் தாண்டிவிடுகின்றன. கடலில் இறங்குபவரும் அவரை அனுப்புகிறவர்களும் முதலில் படிக்க வேண்டியது அந்த அரைவரியைத்தான்.

நெடுந்தூர நீச்சலுக்கென்று மரபான விதிகள் உண்டு. நீச்சலுடை, தொப்பி, நீச்சல் கண்ணாடி ஆகியவற்றைத் தவிர வேறு துணை கூடாது. படகைத் தொடக் கூடாது. யாரும் தாங்கிப் பிடிக்கவும் கூடாது. திசை, உணவு, எச்சரிக்கை எல்லாமே உடன் வரும் படகிலிருந்து வர வேண்டியவை. நீர்மட்டத்தில் இருக்கும் கண்ணுக்கு எதிர்க்கரை தெரியாது. பல மணி நேரம் நீந்திக் களைத்தவருக்குத் தன் உடல்நிலையைத் தானே கணிக்கும் தெளிவும் குறையும். எனவே ‘போதும்’ என்று சொல்லும் பொறுப்பை நீந்துபவரிடம் மட்டும் விட முடியாது. நீந்துபவர், மருத்துவர், படகிலிருந்து கண்காணிக்கும் பார்வையாளர், படகோட்டி ஆகியோரில் யார் ஒருவர் சொன்னாலும் நீச்சல் அத்துடன் நிற்கும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது நல்லது. செலவை ஏற்றவருக்கோ, கரையில் மாலையோடு காத்திருப்பவருக்கோ அந்த முடிவில் குரல் இருக்கக் கூடாது.

பயிற்சி நூல்களில் பெரும்பாலானவை குளிரைப் பற்றியே பேசுகின்றன. ஆங்கிலக் கால்வாயின் நீர் கோடையிலும் 15 முதல் 18 டிகிரி செல்சியஸ்தான்; அங்கே உடல் வெப்பம் இறங்குவதே முதல் ஆபத்து. பாக் நீரிணையில் கதை வேறு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் நீர் 28 டிகிரிக்கு மேல் இருக்கும். கடுமையாக உழைக்கும் தசைகள் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். நீரில் மூழ்கிய தோலிலிருந்து வியர்வை ஆவியாக வழியில்லை. வெதுவெதுப்பான நீருக்கோ அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் திறன் குறைவு. தண்ணீருக்குள் இருப்பவருக்கு வெப்பத் தாக்கு வராது என்ற நம்பிக்கை தவறு. 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் உலகக் கோப்பைப் போட்டியில் அமெரிக்க வீரர் பிரான் கிரிப்பன் இறந்தார், வயது 26. நீர் வெப்பம் 30 டிகிரியை ஒட்டியிருந்தது. மற்றவர்கள் கரையேறிய பிறகுதான் அவரைக் காணவில்லை என்பதே தெரிந்தது. அந்தச் சாவுக்குப் பின்னரே பன்னாட்டு நீச்சல் கூட்டமைப்பு போட்டி நீரின் வெப்பத்துக்கு 31 டிகிரி என்ற உச்சவரம்பு விதித்தது. உலகத் தரமுள்ள வீரர்கள் போட்டியிட்ட இடத்திலேயே கண்காணிப்பு இப்படித் தவறியதென்றால், ஒற்றை நாட்டுப்படகோடு கிளம்பும் முயற்சியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

படகிலிருந்து கண்காணிப்பது என்றால் வேடிக்கை பார்ப்பதல்ல. பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணி, அரைமணிக்கு ஒருமுறை நோட்டில் குறிக்க வேண்டும். நிமிடத்துக்கு 62 என்று தொடங்கியவர் ஐந்தாவது மணியில் 58க்கு இறங்கினால் அது களைப்பு. அடுத்த அரைமணிக்குள் 49 ஆனால் ஏதோ சரியில்லை. உணவு கொடுக்கும் நேரம் இன்னொரு சோதனை. கயிறு கட்டிய புட்டியை வீசும்போது பெயரையோ, வீட்டுத் தொலைபேசி எண்ணையோ, அன்றைய கிழமையையோ கேட்கலாம். பதில் குழறினாலும், காரணமின்றிக் கோபம் வந்தாலும், வெயிலில் உடல் சிலிர்த்தாலும், படகை விட்டு விலகி வேறு திசையில் நீந்தினாலும் உடனே மேலே தூக்க வேண்டும். தூக்கிய பின் நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறி, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் பனிக்கட்டி வைத்து, கரைக்கு விரைய வேண்டும். படகில் பனிக்கட்டிப் பெட்டி இல்லாமல் கிளம்பக் கூடாது.

உணவிலும் குடிநீரிலும் அளவு முக்கியம். 20 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை மாவுச்சத்தும் உப்பும் கலந்த குளிர்ந்த பானம் கொடுப்பது வழக்கம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் வலிப்பும் வரலாம். உப்புநீர் வாயை அரித்து நாக்கைத் தடிக்க வைக்கும். இடையிடையே நன்னீரால் கொப்பளிப்பது உதவும். அக்குளிலும் கழுத்திலும் தோல் உராய்ந்து புண்ணாகாமல் வாசலின் பூசிக்கொள்கிறார்கள். இருமலோடு மூச்சுத் திணறி, நுரையோ இரத்தம் கலந்த சளியோ வந்தால் அது நுரையீரலில் நீர் கோத்ததன் அறிகுறி. ‘கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டார்’ என்று அதை விட்டுவிடக் கூடாது. ஜெல்லி மீன் கொட்டினால் மணலால் தேய்ப்பதும் நன்னீர் ஊற்றுவதும் நஞ்சை மேலும் பரப்பும். பெட்டி வடிவ ஜெல்லி மீன் கொட்டியிருந்தால் அரை நிமிடம் வினிகர் ஊற்றிய பிறகு இழைகளை நீக்க வேண்டும். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ அன்றைய நீச்சல் முடிந்தது.

இத்தனைக்கும் நடுவே இந்த நீச்சலில் கொள்ளை இன்பம் இருக்கிறது. வாடைக்காற்று ஓய்ந்து கச்சான் காற்று வலுப்பதற்கு முன்னுள்ள வாரங்களில், விடியற்காலையில் குளம்போலக் கிடக்கும் பாக் கடலில் கரையை ஒட்டி ஒரு மணி நேரம் நீந்தியவர் அதைத் தானே உணர்வார். நீரிணையைக் கடப்பதுதான் நீச்சல் என்று யாரும் விதிக்கவில்லை. பளிச்சென்ற நிற மிதவையை இடுப்பில் கட்டி, துணையோடு, கால் ஊன்றும் ஆழத்தில் கரைக்கு இணையாக நீந்துவதே பலருக்குப் போதும். நீச்சல் குளத்தில் பழகியவர் கடலில் புதிதாகக் கற்க வேண்டியவை உண்டு: சில கைவீச்சுக்கு ஒருமுறை தலை தூக்கித் திசை பார்ப்பது, அலை வரும் பக்கத்தைத் தவிர்க்க இருபுறமும் மூச்சு வாங்கப் பழகுவது, இருட்டில் நீந்துவது. தூரத்தைப் பல மாதங்களில் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். நெடுந்தூர நீச்சல்காரர் பலரைக் கடலைவிடத் தோள்பட்டைதான் நிறுத்தியிருக்கிறது. நீரோட்டத்தைப் பற்றி உள்ளூர் மீனவர் சொல்வதை இணையத்தளக் கணிப்பைவிடக் கூடுதலாக மதிக்கலாம்.

தலைமன்னார் வழியில் கடல் எல்லைக் கோடு குறுக்கே கிடக்கிறது. 1974இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி வகுக்கப்பட்ட கோடு அது. ஆகவே இரு நாட்டு அரசுகளின் அனுமதியும், கடற்படைக்கும் கடலோரக் காவல் படைக்கும் முறையான தகவலும் இல்லாமல் படகு கிளம்பினால் பிடிபடுவது நீந்துபவர் மட்டுமல்ல, படகுக்காரரும்தான். எல்லா அனுமதியும் வாங்கியாயிற்று என்று ஏற்பாட்டாளர் வாய்மொழியாகச் சொன்னால் போதாது. நகலைக் கேட்டு வாங்குவது நீந்துபவரின் உரிமை.

ஏற்பாட்டாளர்கள் பெரும்பாலும் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள்: எது நடந்தாலும் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று. கடலுக்கே உரிய ஆபத்தை அறிந்து இறங்கினார் என்பதற்கு அந்தத் தாள் சான்றாகலாம். மீட்புப் படகு இல்லாமல் அனுப்பிய கவனக்குறைவுக்கு அது கவசமாகாது. கட்டணம் வாங்கி நடத்தப்படும் பயிற்சியும் போட்டியும் இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையில் சேவைதான். சொன்ன பாதுகாப்பைத் தராதது சேவைக் குறைபாடு. சம்பவம் நடந்த 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வழிகாட்ட 1915 என்ற உதவி எண் உண்டு. இலவசமாக நடத்தப்பட்டதென்றால் இந்த வழி பொதுவாக அடைபடும். உரிமையியல் நீதிமன்றம்தான் கதி. கவனக்குறைவால் உயிர் போயிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு பொருந்தும். எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம். ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது.

சிறுவர்கள் விஷயத்தில் கூடுதல் கண்டிப்பு தேவை. குற்றாலீஸ்வரன் 1994இல் தம் 12ஆம் வயதில் நீரிணையைக் கடந்தபின், இளவயதுச் சாதனை என்பது பல பெற்றோருக்கு ஆசையாகிவிட்டது. 18 வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. பெற்றோர் கையெழுத்திட்டதால் குழந்தையின் உரிமையும் போய்விடாது. குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் தேவையற்ற துன்பத்துக்கு உள்ளாக்குவது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவில் குற்றம். அழுதுகொண்டே ‘ஏறிக்கொள்கிறேன்’ என்னும் பிள்ளையை இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று தள்ளுகிறவர் பெற்றோரானாலும் பயிற்சியாளரானாலும் இதை நினைவில் வைக்க வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

மருத்துவக் காப்பீட்டில் சாகச விளையாட்டு விலக்கு என்ற பத்தி இருக்கும். அந்த விலக்கின் பொதுவான வாசகம் தொழில்முறையாகப் பங்கேற்பவரைக் குறிப்பது. பொழுதுபோக்காக நீந்தியவரின் கோரிக்கையை அதைக் காட்டி மறுத்தால் முதலில் நிறுவனத்திடமும், தீராவிட்டால் ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம்.

கடலில் ஆபத்தென்றால் இந்தியக் கடலோரக் காவல் படையை 1554இலும், தமிழ்நாட்டுக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை 1093இலும், ஆம்புலன்சை 108இலும் அழைக்கலாம். இலங்கைக் கரையில் ஆம்புலன்ஸ் எண் 1990. நடுக்கடலில் கைப்பேசி அலைவரிசை கிடைக்காமல் போகலாம் என்பதால் படகில் விஎச்எஃப் வானொலி இருக்க வேண்டும்; அதில் 16ஆம் அலைவரிசை ஆபத்து அழைப்புக்கானது. வழக்கென்று வந்தால் பார்வையாளர் எழுதிய கைவீச்சுக் கணக்கும், உணவு கொடுத்த நேரங்களும், படகின் ஜிபிஎஸ் பதிவும், கட்டண ரசீதும்தான் பேசும். நீச்சல் முடிந்த அன்றே அவற்றின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. கரையேறிய பிறகு அந்த நோட்டு யாரிடம் இருக்கிறதென்று தேடுவது பெரும்பாடு.