சேமிப்பு வட்டுகளில் "படிக்க மட்டும்" அமைப்பு (லினக்ஸ்)

"படிக்க மட்டும்" என்பது ஒரு சேமிப்புக் கருவியிலுள்ள தரவைப் படிக்கலாம், ஆனால் எழுதவோ அழிக்கவோ கூடாது என்னும் நிலையாகும். லினக்ஸ் இயங்குதளத்தில் இந்நிலையைக் குறித்து வைப்பது கருனி, அதாவது கெர்னல்.

இந்நிலை இரண்டு வழிகளில் வரலாம். முதலாவது, கருவியே சொல்வது. ஸ்கஸி, யூஎஸ்பி வட்டுகளிடம் கருனி "மோட் சென்ஸ்" என்னும் கட்டளை மூலம் கேட்கும். பதிலில் உள்ள ஒரு பிட் 1 என்றிருந்தால் எழுதத் தடை என்று பொருள். இரண்டாவது, பயனர் இடும் ஆணை. நிர்வாகி "பிளாக்டெவ்" நிரலில் "செட்ஆர்ஓ" விருப்பத்தைக் கொடுத்து முழு வட்டையோ அதன் ஒரு பகிர்வையோ பூட்டலாம்.

கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் என்று ஏற்றினால் போதாதா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். போதாது. திடீரென மின்சாரம் போய் நின்ற கணினியின் ஈஎக்ஸ்டி4 வட்டை அப்படி ஏற்றினாலும், நிலுவையிலுள்ள ஜர்னல் குறிப்புகளைக் கருனி வட்டில் எழுதி முடிக்கும். வழக்கில் சான்றாக வந்த வட்டில் ஒரு பைட் மாறினாலும் அதன் ஹாஷ் மதிப்பு மாறிவிடும். பிறகு அந்தச் சான்றை யார் நம்புவார்? தவறுதலாக அழித்த படங்களை மீட்க முயல்வோருக்கும் இதே அபாயம் உண்டு. ஆகவே வட்டையே பூட்ட வேண்டும்.

ஆனால் அந்தப் பூட்டு நெடுங்காலம் நிலைக்கவில்லை. பகிர்வு அட்டவணையை மீண்டும் படிக்கும்போது கருனி வட்டை மறுபடி விசாரிக்கும். வட்டு "எழுதலாம்" என்று பதில் சொன்னால், பயனர் இட்ட தடை ஓசையின்றி நீங்கிவிடும். இரண்டு செய்திகளுக்கும் ஒரே கொடி இருந்ததே காரணம். வருகைப் பதிவேட்டில் ஒரே கட்டத்தில் இரண்டு ஆசிரியர்கள் கையெழுத்திட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்!

2018இல் ஒரு திருத்தம் வந்தது: தடை ஏற்கெனவே இருந்தால் மறுவிசாரணையில் அதை நீக்காதே என்பதே அது. கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் சில கருவிகள் தொடக்கத்தில் "எழுதத் தடை" என்று சொல்லி, தயாரானபின் "எழுதலாம்" என்று மாறுபவை. அவை நிரந்தரமாகப் பூட்டப்பட்டுப் போயின. எனவே 2019இல் அத்திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. பழைய குறையும் கூடவே திரும்பியது.

சரியான தீர்வு 2021இல் 5.12 பதிப்பில் அமைந்தது. வன்பொருளின் நிலை ஓரிடத்திலும் பயனரின் விருப்பம் வேறோர் இடத்திலும் பதியப்படுகின்றன. இரண்டில் எது தடை சொன்னாலும் அது தடையே. மறுவிசாரணை வன்பொருள் நிலையை மட்டும் மாற்றும். பயனர் தம் தடையை நீக்கினால், கருவி தன் உண்மையான வன்பொருள் நிலைக்குத் திரும்பும்.

இதற்கும் எல்லைகள் உண்டு. எழுதும் நிலையில் ஏற்கெனவே ஏற்றப்பட்ட கோப்பு முறைமையை இப்பூட்டு பாதிக்காது. எனவே ஏற்றுவதற்கு முன்பே பூட்ட வேண்டும். கருவியைக் கழற்றி மாட்டினாலோ கணினியை மறுதொடக்கம் செய்தாலோ ஆணையை மீண்டும் இட வேண்டும். "சிஸ்" கோப்பகத்தில் அந்த வட்டுக்குரிய "ஆர்ஓ" கோப்பில் 1 என்றிருந்தால் பூட்டு உள்ளது, 0 என்றால் இல்லை. தடயவியல் ஆய்வாளர்கள் இதை மட்டும் நம்பாமல், வட்டுக்கும் கணினிக்கும் இடையே எழுத்துத் தடுப்புக் கருவி ஒன்றையும் இணைக்கிறார்கள்.