நீர் ஊற்றிய சோறு

இரவு அடுப்படியில் அப்பத்தாவின் கடைசி வேலை, எஞ்சிய சோற்றுக்கு நீர் ஊற்றுவது. சோற்றை மண்சட்டியில் இட்டுக் கட்டியில்லாமல் விரலால் உதிர்ப்பார். அது மூழ்கி, மேலே நான்கு விரற்கடை நிற்கும்படி நீர் வார்ப்பார். பிறகு முந்திய நாள் நீராகாரத்தில் ஓர் அகப்பை மொண்டு கலப்பார். எதற்கென்று கேட்டால், "அப்பத்தான் ஒழுங்காப் புளிக்கும்" என்பார். அந்த ஓர் அகப்பையின் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

உலை கொதிக்கையில் அரிசியிலுள்ள நுண்ணுயிரிகளில் பெரும்பாலானவை மடிகின்றன. மடியாது எஞ்சுவனவற்றுள் ஒன்று பேசில்லஸ் சீரியஸ். இது தடித்த உறைக்குள் வித்தாக ஒடுங்கியிருக்கும். கொதிநீர் அவ்வித்தைக் கொல்வதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் பொழுதில் வித்து முளைக்கிறது. போட்டிக்கு ஆளில்லாத விளைநிலம் அது. அங்கே பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சொன்றையும் அது சோற்றில் விட்டுவைக்கக்கூடும். அந்நஞ்சு 121 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் தாங்கவல்லது. ஆதலால் ஊசிப்போன சோற்றை மீண்டும் சுடவைத்துச் சீராக்கிவிடலாம் என்பது வீண்நம்பிக்கை.

இந்த ஆபத்தின் குறுக்கே நிற்பதுதான் சட்டியில் ஊற்றிய நீர். குவித்து வைத்த சோற்றின் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடு காக்கும். உதிர்த்து நீரில் ஆழ்த்திய பருக்கையோ விரைவில் ஆறிவிடும். நீர் மூடியிருப்பதால் பூஞ்சணமும் எளிதில் படர்வதில்லை. காற்றில்லாமலும் வாழவல்ல லாக்டிக் நுண்ணுயிரிகள் அங்கே தழைத்து, சோற்றிலுள்ள சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை வெளிவிடுகின்றன. நீர் புளிக்கப் புளிக்கப் பேசில்லஸின் பெருக்கம் தளர்கிறது. காரகாடித்தன்மைச் சுட்டெண் (pH) 4.5-க்குக் கீழ் இறங்கினால் அது பெரிதும் திணறுகிறது.

ஆனால் உலையில் வெந்த சோற்றில் இந்த நல்ல நுண்ணுயிரிகள் ஏது? அவை புதிதாக வந்து சேரவேண்டும்: நீரிலிருந்து, கையிலிருந்து, மண்சட்டியின் நுண்துளைகளிலிருந்து. வந்தவை பெருகுவதற்குள் வித்து முந்திக்கொள்ளலாம். முந்திய நாள் நீராகாரத்தின் ஓர் அகப்பையோ, பெருங்கூட்டத்தை அமிலத்தோடு சேர்த்தே சட்டியில் இறக்கிவிடுகிறது. பாலுக்கு உறை ஊற்றுவதும் இதே நுட்பம்தான்.

பருக்கைக்குள்ளும் ஒரு மாற்றம் நிகழ்கிறது. வேகையில் குலைந்து விரிந்த மாவுப்பொருள் இழைகள், ஆறும்போது மீண்டும் நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. பழைய சோற்றுப் பருக்கையைப் பிசையும்போது விரலில் தட்டுப்படும் அந்த விறைப்பு இதனால் வருவது. ரொட்டி ஓரிரு நாளில் காய்ந்தாற்போல் ஆவதற்கும் இதுவே முதன்மைக் காரணம். இவ்வாறு இறுகிய மாவுப்பொருளில் ஒரு பங்கு சிறுகுடலின் நொதிகளுக்கு வசப்படாமல் பெருங்குடல் சென்று, அங்குள்ள நுண்ணுயிரிகளுக்கு உணவாகிறது. அந்தப் பங்கு சிறிதே. அதை மலையாக்க வேண்டியதில்லை.

மலையாக்குவோர் இருக்கிறார்கள். 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருந்த இரும்பு, ஓரிரவு ஊறியதும் 73.91 மில்லிகிராமாகிறது என்னும் செய்தி கைப்பேசி தோறும் சுற்றிவருகிறது. இருபது மடங்கிற்கும் மேல்! இரும்பு ஒரு தனிமம். அதை எந்த நுண்ணுயிரியாலும் ஆக்க இயலாது. நீரிலிருந்தோ சட்டியிலிருந்தோ வந்து கலக்காத வரையில், இரவில் இருந்த இரும்பே காலையிலும் இருக்கும். நொதித்தலால் கூடக்கூடியது அதன் அளவன்று. உடல் ஏற்கும் பங்கு. இரும்பைப் பிணித்து வைத்திருக்கும் ஃபைடிக் அமிலம் நொதித்தலில் சிதைகிறது. கட்டவிழ்ந்த இரும்பைக் குடல் எளிதில் உறிஞ்சும். கடித்துக்கொள்ளும் பச்சை மிளகாயிலுள்ள உயிர்ச்சத்து சி-யும் அதற்குத் துணைபுரிகிறது. தீட்டிய வெள்ளரிசியில் தொடக்கத்திலேயே இரும்பு குறைவு என்பதையும் மறக்கலாகாது.

ஒடிசாவின் பக்காளாவும் வங்கத்தின் பாந்தா பாத்தும் அசாமின் பொய்த்தா பாத்தும் இச்சட்டியின் உறவினர்களே. நெல் விளையும் வெப்ப நிலங்களில் இவ்வறிவு பரவிக் கிடந்தது.

நள்ளிரவு வரை திறந்து கிடந்த சோற்றில் நீர் ஊற்றாதீர்கள். ஆவி அடங்கியதுமே ஊற்றிவிடுங்கள். காலையில் முகர்ந்து பாருங்கள். தெளிந்த புளிப்பு மணம் இருந்தால் உண்ணலாம். வழுவழுப்போ நூலிழையோ கெட்ட நாற்றமோ தெரிந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். நீராகாரத்திலும் ஓர் அகப்பைகூட எடுத்துவைக்காதீர்கள்.