பரிந்துரைக்க மட்டும் ஓர் ஆணையம்

பம்பாய்க் கலவரம் ஓய்ந்து ஒன்பது மாதம் கழித்துப் பிறந்தது தேசிய மனித உரிமைகள் ஆணையம். பிறந்த பிறகும் அந்த நகரத்தின் கதவு அதற்குத் திறக்கவில்லை. அதற்குக் காரணம் ஆணையத்தின் சோம்பல் அல்ல, அதைப் படைத்த சட்டம்.

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாய்க் கலவரத்தில் இறந்தவர்கள் 900 பேர். முஸ்லிம்கள் 575, இந்துக்கள் 275. மீதி ஐம்பது பேரில் 45 பேர் யாரென்றே தெரியவில்லை. கத்திக் குத்துக்குப் பலியானவர்கள் 347 பேர். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாண்டவர்கள் 356 பேர். கத்தி கொன்றதைவிடத் துப்பாக்கி கொன்றது அதிகம். அந்தத் துப்பாக்கி அரசாங்கத்துடையது. மனித உரிமை ஆணையம் என்ற ஒன்று எதற்காக வேண்டும் என்று யாராவது கேட்டால், நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா கமிஷனின் இந்தக் கணக்கைக் காட்டினால் போதும்.

தாராவித் தமிழர்களுக்கு இந்தக் கணக்கு புள்ளிவிவரம் அல்ல. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த முஸ்லிம்களும், அதே சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஆதி திராவிடர்களும் அடுத்தடுத்த சந்துகளில் குடியிருந்து ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த இடம் அது. பாபர் மசூதி இடிந்த 1992 டிசம்பர் 6 அன்றே சிவசேனைக்காரர்கள் தாராவிக்குள் சைக்கிளில் வெற்றி ஊர்வலம் நடத்தினார்கள் என்கிறது கமிஷன் அறிக்கை. ஜனவரியில் நிலைமை முற்றியபோது, கையில் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு ஊருக்கு ரயில் ஏற ஸ்டேஷன்களில் கூட்டம் நெரிந்தது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் கோயிலும் கல்லூரியும் காபி ஹோட்டலுமாக இருக்கும் மாதுங்கா. அந்தப் பக்கம் தாராவி. இரண்டு பக்கமும் பேசியது தமிழ்தான். ஆனால் இரண்டு பக்கமும் பார்த்தது ஒரே பம்பாயை அல்ல.

மாதுங்காவை ஒட்டிய வடாலாவில் இருக்கிறது ஹரி மஸ்ஜித். 1993 ஜனவரி 10 அன்று அங்கே போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூடு நியாயமற்றது என்று கமிஷன் முடிவு கட்டியது. அன்று தோளில் குண்டு பாய்ந்த ஒருவர் மீதே கலவர வழக்கு போடப்பட்டது. அவர் நிரபராதி என்று நீதிமன்றம் சொல்ல 2009 ஆயிற்று. சுட்டவர்கள் மீது ஒரு புகாரைப் பதிவு செய்ய வைக்கவே அவர் உயர் நீதிமன்றம் வரை ஏற வேண்டியிருந்தது. செம்பூருக்கு அப்பால் தேவ்னாரிலும் கதை ஏறக்குறைய இதேதான். அறிக்கையின் இரண்டாம் தொகுதியில் காவல் நிலையம் காவல் நிலையமாக இந்தக் கதைகள் வரிசையாக நிற்கின்றன.

இந்த நாட்களில் புகார் எழுதிப் போட டில்லியில் ஆணையம் எதுவும் இல்லை. காஷ்மீர், பஞ்சாப் விவகாரங்களில் வெளிநாடுகள் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்த நேரம். 1993 செப்டம்பர் 28 அன்று ஓர் அவசரச் சட்டம் வந்தது. அக்டோபர் 12 அன்று நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா தலைமையில் தேசிய மனித உரிமைகள் ஆணையம் அமைந்தது. போலீஸ் காவலில் யாராவது இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தனக்குத் தகவல் வர வேண்டும் என்று அந்த டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஆரம்பம் சுறுசுறுப்பாகத்தான் இருந்தது.

ஆனால் பம்பாய்? இங்கேதான் சட்டத்தின் 36ஆம் பிரிவு வருகிறது. அதில் இரண்டு பூட்டுகள் உள்ளன. சட்டப்படி அமைக்கப்பட்ட வேறொரு கமிஷனின் முன்னால் இருக்கும் விஷயத்தைத் தேசிய ஆணையம் விசாரிக்கக் கூடாது. இது முதல் பூட்டு. உரிமை மீறல் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் விசாரிக்கக் கூடாது. இது இரண்டாவது. ஆணையம் கண் விழித்தபோது கலவரத்துக்கு ஓராண்டு நிறையவில்லை. ஆனால் 1993 ஜனவரி 25 அன்றே மகாராஷ்டிர அரசு ஸ்ரீகிருஷ்ணா கமிஷனை அமைத்துவிட்டிருந்தது. முதல் பூட்டு தொங்கியது. 1996 ஜனவரியில் சிவசேனை - பாரதிய ஜனதா அரசு அந்தக் கமிஷனையே கலைத்தது. முதல் பூட்டு கழன்று விழுந்தது. அதற்குள் இரண்டாவது பூட்டு விழுந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கலைக்கப்பட்ட கமிஷனுக்கு 1996 மே மாதம் உயிர் வந்தது. அதுவும் டில்லியில் 13 நாள் பிரதமராக இருந்த வாஜ்பாய் சொன்ன பிறகு. 1993 மார்ச் குண்டுவெடிப்பையும் சேர்த்து விசாரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1998 பிப்ரவரியில் தரப்பட்ட அறிக்கை ஆகஸ்டில்தான் சட்டசபைக்கு வந்தது. 31 போலீஸார் மீது விரல் நீட்டிய அந்த அறிக்கையை மனோகர் ஜோஷியின் அரசு ஒருதலைப்பட்சமானது என்று ஒதுக்கித் தள்ளியது. அடுத்து வந்த காங்கிரஸ் கூட்டணி அரசுகளும் அதைத் தூசி தட்டுவதில் பெரிய அவசரம் காட்டவில்லை. 257 பேரைக் கொன்ற குண்டுவெடிப்பு வழக்குக்கு ஒரு தனி தடா நீதிமன்றம் கிடைத்தது. 100 பேர் குற்றவாளிகள் என்று அது தீர்ப்பளித்தது. 900 பேர் செத்த கலவரத்துக்கு அப்படி ஒரு நீதிமன்றம் கிடைக்கவில்லை.

இரண்டாவது பூட்டு திறக்க முடியாததா? இல்லை என்பதற்குப் பஞ்சாப் சாட்சி. அங்கே அமிர்தசரஸ் மாவட்டத்துச் சுடுகாடுகளில் போலீஸார் ரகசியமாக எரித்த 2,097 சடலங்கள் பற்றி விசாரிக்கும்படி 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையத்தைக் கேட்டது. ஓராண்டு கடந்துவிட்டதே என்று மத்திய அரசு 36ஆம் பிரிவை நீட்டியது. எங்கள் உத்தரவின்படி வேலை செய்யும்போது அந்தத் தடை ஆணையத்துக்குப் பொருந்தாது என்று 1998 செப்டம்பரில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, வெளியிலிருந்து ஒரு கை சாவியைப் போட்டால் பூட்டு திறக்கும். பம்பாய்க்கு அந்தக் கை வரவில்லை.

இதில் ஒரு வினோதம். ஆணையம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை நாடு பார்த்ததும் இதே மும்பையில்தான். 2002இல் குஜராத் பற்றி எரியத் தொடங்கிய மறுநாள், மார்ச் 1 அன்றே, யாருடைய மனுவுக்கும் காத்திராமல் ஆணையம் குஜராத் அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அப்போதைய தலைவர் ஜே.எஸ். வர்மா அதே மாதத்தில் நேரில் போய்ப் பார்த்தார். முக்கியமான வழக்குகளை சி.பி.ஐ.யிடம் கொடுக்கும்படி ஆணையம் பரிந்துரைத்தது. மாநில அரசு மறுத்துவிட்டது. அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். வதோதராவில் 14 பேர் கொல்லப்பட்ட பெஸ்ட் பேக்கரி வழக்கில் 2003 ஜூனில் குற்றம் சாட்டப்பட்ட 21 பேரும் விடுதலையானபோது, ஆணையம் உச்ச நீதிமன்றத்தின் படியேறியது. மாநில அரசு மேல்முறையீடு செய்வதற்கு முன்பே அரசு அமைத்த ஆணையம் போய் நின்றது. 2004இல் உச்ச நீதிமன்றம் மறு விசாரணையை மகாராஷ்டிரத்துக்கு மாற்றியது. 2006 பிப்ரவரியில் மும்பை நீதிமன்றம் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பிறகு உயர் நீதிமன்றம் நான்கு பேரின் தண்டனையை உறுதி செய்தது. பில்கிஸ் பானு வழக்கும் மும்பைக்கு வந்துதான் தீர்ப்பைக் கண்டது.

அண்டை மாநிலத்துக் கலவரத்துக்கு மும்பை நீதிமன்றங்கள் தண்டனை தந்த அந்த ஆண்டுகளில், மும்பையின் சொந்தக் கலவரக் கோப்புகள் உறங்கிக்கொண்டிருந்தன. 2008இல் சிவசேனையின் முன்னாள் எம்.பி. மதுகர் சர்போத்தாருக்கு ஓராண்டு தண்டனை கிடைத்ததே பெரிய செய்தியாக இருந்தது.

குஜராத்தில் முடிந்தது எப்படி? ஆணையத்துக்குப் பல் முளைத்ததால் அல்ல. சட்டத்தின் 18ஆம் பிரிவு அதற்குக் கொடுத்திருப்பது இவ்வளவுதான்: நிவாரணம் கொடு, வழக்குத் தொடு என்று அரசுக்குச் சொல்லலாம், அரசு ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் ஆணையம் நீதிமன்றத்தை அணுகலாம். சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. தண்டிக்க அதிகாரம் இல்லை. தமிழில் இதற்கு அமைந்துவிட்ட சொல் பரிந்துரை. பரிந்து உரைப்பது. பரிவோடு சொல்லலாம், கேட்பதும் கேளாததும் எதிராளியின் இஷ்டம் என்பதைச் சட்டத்தைவிடச் சொல் தெளிவாகச் சொல்கிறது. ராணுவம், துணை ராணுவம் என்றால் பரிவுக்கும் இடம் குறைவு. மத்திய அரசிடம் அறிக்கை கேட்கலாம், அது வந்த பிறகு பரிந்துரைக்கலாம், அவ்வளவே. மணிப்பூர் போலி மோதல் வழக்கில், தாங்கள் பல் இல்லாத புலியாகிவிட்டதாக ஆணையத்தின் சார்பிலேயே உச்ச நீதிமன்றத்தில் முறையிடப்பட்டது 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது.

பரிந்துரையால் எதுவும் நடப்பதில்லை என்று சொல்வதும் நியாயம் அல்ல. தடா சட்டத்தை நீட்டிக்காதீர்கள் என்று 1995 பிப்ரவரியில் ரங்கநாத் மிஸ்ரா நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்த மே மாதம் சட்டம் காலாவதியானது. (ஏற்கெனவே தடாவில் மாட்டியவர்களுக்கு விடிவு வரவில்லை என்பது வேறு.) வீரப்பன் வேட்டையில் தமிழக, கர்நாடக அதிரடிப் படைகளிடம் சிக்கிய மலைக் கிராமத்து மக்களுக்காக ஆணையம் நீதிபதி சதாசிவா குழுவை அமைத்தது, 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் நிவாரணம் வழங்கச் சொன்னது. அருணாசலப் பிரதேசத்தில் சக்மா அகதிகளை விரட்டப் பார்த்தபோது நேராக உச்ச நீதிமன்றம் போய் 1996இல் அவர்களுக்குப் பாதுகாப்பு வாங்கித் தந்தது. ஆணையம் உருப்படியாகச் செய்தவற்றைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். அரசிடம் கேட்டு ஓய்ந்த இடத்தில் நீதிமன்றக் கதவைத் தட்டியபோதுதான் பெரிய காரியங்கள் நடந்திருக்கின்றன. தட்டுவதா வேண்டாமா என்பது நாற்காலியில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

அந்த நாற்காலியின் கதை தனி. முன்பு உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி மட்டுமே தலைவராக முடியும். 2019 திருத்தத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றத்தில் இருந்த எந்த நீதிபதியும் ஆகலாம். பதவிக் காலம் ஐந்து ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைந்தது. 2024 ஜூனிலிருந்து டிசம்பர் வரை நிரந்தரத் தலைவரே இல்லை. அந்த டிசம்பரில் பொறுப்பேற்றவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். போலீஸ் அத்துமீறலைப் போலீஸ் அதிகாரிகளைக் கொண்டே விசாரிப்பதும், உறுப்பினர் தேர்வும் சர்வதேச அளவில் உறுத்தலாகிவிட்டன. ஐ.நா. அங்கீகாரம் பெற்ற உலகக் கூட்டமைப்பின் குழு, இந்திய ஆணையத்தின் 'ஏ' தகுதியை 'பி' ஆகக் குறைக்கலாம் என்று 2025 மார்ச்சில் பரிந்துரைத்தது. பரிந்துரைக்கும் அமைப்புக்கே ஒரு பரிந்துரை!

மும்பைக்காரருக்கு அருகில் இருப்பது மாநில ஆணையம். 2001இல் இயங்கத் தொடங்கியது. செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் வண்டி ஏறினால் கடைசி நிறுத்தமான சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிறது. அங்கேயும் தலைவர் நாற்காலி ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்து, உயர் நீதிமன்றம் கண்டித்த பிறகு 2021இல் நிரம்பியது. டில்லி ஆணையத்துக்கு எழுதுவதில் ஒரு வசதி உண்டு. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் எழுதலாம். தாராவியிலிருந்து தமிழிலேயே எழுதலாம். பாதிக்கப்பட்டவருக்காக வேறொருவரும் எழுதலாம். மாதுங்காவில் இருப்பவர் தாராவிக்காரருக்காகவும். ஓராண்டுக்குள் எழுத வேண்டும் என்பதுதான் கறாரான நிபந்தனை. போலீஸுக்குப் பயந்து ஊருக்கு ஓடியவர் திரும்பிவந்து மூச்சு விடுவதற்குள் ஓராண்டு போய்விடும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றாமல் போனது ஆச்சரியம்.

பம்பாய்க் கலவரத்தின் கடைசிக் கணக்கை எழுதியது ஆணையம் அல்ல, உச்ச நீதிமன்றம். ஸ்ரீகிருஷ்ணா அறிக்கையை நிறைவேற்றக் கோரிய மனுவில் 2022 நவம்பர் 4 அன்று தீர்ப்பு வந்தது. சட்டம் ஒழுங்கைக் காக்க அரசு தவறியது, அதனால் நிவாரணம் தர அது கடமைப்பட்டது என்றது நீதிமன்றம். கிடப்பில் போடப்பட்ட 97 வழக்குகளின் குற்றவாளிகளைத் தேடச் சொன்னது. இறந்த 900 பேரோடு காணாமல் போனவர்கள் 168 பேர். அவர்களில் 60 பேரின் குடும்பங்களுக்கு மட்டுமே பணம் போய்ச் சேர்ந்திருந்தது. மீதி 108 பேரின் வாரிசுகளுக்கும் தலா 2 லட்சம் ரூபாய், 1999 ஜனவரியிலிருந்து 9 சதவீத வட்டியோடு தர வேண்டும். அவர்களைத் தேட மகாராஷ்டிர சட்டப் பணிகள் ஆணையத்தின் மேற்பார்வையில் ஒரு குழு அமைக்க வேண்டும் என்பது உத்தரவு. சரியான முகவரி இல்லை என்பதுதான் அத்தனை ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த காரணம். குடிசைகள் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்ட நகரத்தில், முப்பது ஆண்டுப் பழைய முகவரிகளை வைத்துக்கொண்டு தொடங்க வேண்டிய தேடல் அது.