துலாக்கோலும் வெப்பமானியும்

ஆற்றல் அழிவதில்லை, வடிவம் மாறுகிறது என்பது இயற்பியலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. கணிப்பொறியின் நுண்செயலிக்குள் பாயும் மின்னாற்றலும் இவ்விதிக்கு விலக்கன்று. செயலி தன் கணக்குகளை முடிக்கையில் அம்மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகிறது. 1993ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் பென்டியம் செயலி ஏறத்தாழ 15 வாட் அளவு வெப்பத்தை உமிழ்ந்தது. 2022இல் வெளிவந்த கோர் ஐ9-13900கே செயலியோ உச்ச நிலையில் 253 வாட் வரை உட்கொள்ளக்கூடியது. கட்டைவிரல் நகமளவான சிலிக்கான் சில்லில் இத்துணை வெப்பம் தேங்கினால், செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; வெப்பம் மேலும் மிகுந்தால் இயக்கத்தையே நிறுத்திவிடும். இவ்வெப்பத்தை வாங்கி வெளிக்காற்றில் சேர்க்கும் தூதனே காற்றுக் குளிர்விப்பான்.

அதன் இயங்குமுறையை முதலில் அறிவோம். செயலியின் மேற்பரப்பும் குளிர்விப்பானின் அடித்தகடும் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினும், நுண்ணளவில் மேடு பள்ளங்கள் உடையவை. அப்பள்ளங்களில் தங்கும் காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மிக மந்தமானது; செம்பு அதனைவிட ஏறத்தாழப் பதினையாயிரம் மடங்கு நன்கு கடத்தும். ஆகவே இடைவெளியை நிரப்ப வெப்பப்பசை தடவப்படுகிறது. அடித்தகட்டிலிருந்து மேலெழும் செம்புக்குழாய்களுக்குள் சிறிதளவு நீர், குறைந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டுள்ளது. அது சூடான முனையில் ஆவியாகிக் குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகி, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைப் படலத்தின் வழியே திரும்புகிறது. 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் செய்துகாட்டிய வெப்பக்குழாய் இதுவே. குழாய்கள் கொணரும் வெப்பத்தை மெல்லிய அலுமினியத் தகடுகள் பரப்புகின்றன. விசிறி அதனைக் காற்றோடு அகற்றுகிறது.

கடைகளில் இத்தகைய குளிர்விப்பான்கள் பல உள்ளன. நான்கு வெப்பக்குழாய்களும் 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றும் கொண்ட ஹைப்பர் 212 ஈவோ ஒரு வகை. 2014இல் வெளிவந்த நாக்டுவா என்எச்-டி15 மற்றொரு வகை. அது ஆறு குழாய்களும் 140 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டும் கொண்டு, 1,320 கிராம் எடையுடையது. இவற்றுள் எது நம் தேவைக்கு ஏற்றது? ஒவ்வொன்றின் பெட்டியிலும் புகழுரை அச்சிடப்பட்டிருக்கும்; ஆனால் புகழுரை அளவீடாகாது.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். முதல் குளிர்விப்பானைச் சோதித்த அறையின் வெப்பம் 24 பாகை செல்சியஸ். 150 வாட் செலவிடும் செயலி 84 பாகையைத் தொட்டது. இரண்டாவதைச் சோதித்த அறை 32 பாகை. அதே 150 வாட்டில் செயலி 86 பாகையை எட்டியது. மேலோட்டமாக நோக்குவோர் முதலாவதே சிறந்ததென்பர். ஆயின் அறை வெப்பத்தைக் கழித்துப் பார்த்தால், முதலாவதில் ஏற்றம் 60 பாகை; இரண்டாவதில் 54 பாகையே. ஏற்றத்தை வாட்டால் வகுத்தால் கிடைப்பது வெப்பத்தடை. அது முதலாவதற்கு 0.40, இரண்டாவதற்கு 0.36. தடை குறைந்த இரண்டாவதே மேலானது! 38 பாகையைத் தொடும் நம் கோடைக்கால அறையில் இவ்விரண்டையும் வைத்தால், முதலாவது செயலியை 98 பாகைக்கு இட்டுச்செல்லும்; இரண்டாவது 92 பாகையில் நிறுத்தும். 100 பாகையை எல்லையாகக் கொண்ட செயலிக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. குளிர்நாட்டு ஆய்வறையில் பெற்ற எண்ணை அப்படியே ஏற்போர் கோடையில் ஏமாற நேரிடும்.

எனவே நேர்மையான சோதனைக்குச் சில நெறிகள் வேண்டும். ஒரே செயலியையே எல்லாக் குளிர்விப்பான்களுக்கும் பயன்படுத்த வேண்டும். ஒரே வகைச் செயலிகளுள்ளும் ஒன்றுக்கொன்று வேறுபாடு உண்டு. வெப்பப்பசையும் ஒன்றாகவே இருத்தல் நலம். மின் செலவை நிலையாக நிறுத்த வேண்டும். ஏனெனில் 2022இல் வந்த ரைசன் 9 7950எக்ஸ் போன்ற செயலிகள், கடும்பணியில் 95 பாகை வரை தாமே சென்று நிற்கும்படி வடிவமைக்கப்பட்டவை; அங்குக் குளிர்விப்பானின் திறன் வெப்பமானியில் தெரியாது, செயலியின் வேகத்திலேயே தெரியும். வெப்பம் ஏறி ஒரு நிலையில் நிற்கும் வரை, அரைமணி நேரமேனும் பொறுத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கழற்றி மீண்டும் பொருத்தி மும்முறை அளந்து சராசரி காண வேண்டும். பசை பரவிய விதமும் திருகின் இறுக்கமும் ஒரு முறையின் முடிவைத் திரித்துவிடக்கூடும்.

ஒலியையும் மறத்தலாகாது. விசிறியின் வேகம் இருமடங்கானால் காற்றோட்டம் இருமடங்காகும். ஒலியோ ஏறத்தாழ 15 டெசிபல் உயரும். இரைச்சலிட்டுப் பெற்ற குளிர்ச்சியை அமைதியில் பெற்ற குளிர்ச்சியோடு ஒப்பிடுவது முறையன்று. விசிறிகளின் வேகத்தை மாற்றி, ஒரே தூரத்தில் ஒரே ஒலியளவு வருமாறு அமைத்தபின் வெப்பத்தை அளப்பதே நடுநிலை.

இந்நெறி புதியதன்று. கி.பி. 973இல் பிறந்த அறிஞர் அல்பிரூனி, உலோகங்கள், மணிக்கற்கள் ஆகியவற்றின் ஒப்படர்த்தியை நீரின் துணைகொண்டு அளந்தார். வெந்நீருக்கும் தண்ணீருக்கும், உப்புநீருக்கும் நன்னீருக்கும் அளவு வேறுபடும் என்பதையும் உணர்ந்திருந்தார். சூழல் மாறினால் எண் மாறும். ஆதலால் சூழலை ஒன்றாக்கிய பின்னரே பொருளை ஒப்பிடுக என்பதே அவர் பணி நமக்கு உணர்த்தும் பாடம்.

திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயமான அல்முதஃப்பிஃபீன், அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்வோரைக் கண்டித்துத் தொடங்குகிறது. அங்காடித் தராசுக்கு மட்டுமே அவ்வெச்சரிக்கை உரியதென நாம் ஒதுக்கிவிடலாகாது. ஆய்வகத்தில் தமக்குப் பிடித்த பொருளுக்குச் சாதகமாக அறையைக் குளிர்விப்பவரும், மும்முறை அளந்து நல்ல எண்ணை மட்டும் எழுதுபவரும் துலாக்கோலைச் சாய்ப்பவர்களே. அவர்தம் அறிக்கையை நம்பிப் பொருள் வாங்குவோரின் உழைப்பின் ஊதியம் அங்கே வீணாகிறது.

மாணவர்கள் நாளை எந்தத் துறைக்குச் சென்றாலும், இரண்டை ஒப்பிட்டு ஒன்றைத் தேரும் கடமை அவர்களுக்கு வரும். அப்போது எண்ணைக் கேட்பதற்கு முன் அந்த எண் பிறந்த சூழலைக் கேட்கும் வழக்கத்தை நாம் கைக்கொள்வோமாக.